போர் வரலாறும் நம் வீட்டு வரலாறும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். "நல்ல நாளும் அதுவுமா சண்டைக் கதையா?" என்று தாய்மார்கள் நினைக்கலாம். அது எங்கேயோ நடந்த சண்டை இல்லீங்க. நம்ம லயத்து வாசலுக்கே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போன சண்டை.

பிள்ளைகளே, தேதிகள் உங்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போடப்பட்டது, ஜப்பான் சரணடைந்தது. இவற்றை மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் தேதி என்பது வீட்டுக்குக் கதவு மாதிரி. உள்ளே போக வேண்டுமானால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஏன் நடந்தது? யாருக்கு நடந்தது?

சயாம் ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். அதை ஏன் போட்டார்கள்? பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் போய்ச் சேர வேண்டும். கடல் வழியில் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே மலையையும் காட்டையும் வெட்டி, சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த அவசரம்தான் ஆட்களைத் தின்றது.

யாரைத் தின்றது? வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1957-இல் வந்த ஆங்கிலப் படம் அவர்கள் கதையை உலகத்துக்கே சொல்லிவிட்டது. ஆனால் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 200,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள்.

அப்போது ரப்பருக்கு விலையில்லை, பர்மா அரிசி வரவில்லை, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. "மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்" என்றதும் சிலர் நம்பிப் போனார்கள். ஆள் போதாமல் போனபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். பிறகு பிடித்தே ஏற்றினார்கள். சரக்கு வண்டியில் பான் போங் வரை பயணம். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்து முகாம் முகாமாக வாரிக்கொண்டு போயிற்று. கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடி" என்று சொல்லவும் அதைச் செய்ய வைக்கவும் ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்?

இப்போது நான் சொல்ல வந்ததைக் கேளுங்கள். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இறந்தவரின் பெயர் இருக்கிறது. அது எப்படி முடிந்தது? இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் கைதிகள் துண்டுத் தாளில் எழுதி, ஜப்பானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு போய்த் தேடினார்கள். நம் ஆட்களின் பெயரை எழுதி வைக்க யாருமில்லை. பெருங்குழியில் போட்டார்கள், எரித்தார்கள். எண்பது ஆண்டு கழித்து, 2023-இல்தான் அந்தக் காஞ்சனபுரியில் அங்கே மாண்ட தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்றும் எந்தக் கல்லிலும் இல்லை.

எழுதி வைத்தவனைத்தான் வரலாறு ஞாபகம் வைத்திருக்கிறது. அன்று நம் வீட்டில் எழுதும் கை இல்லை. இன்று இருக்கிறது. அது உங்கள் பிள்ளையின் கை.

ஆகவே பிள்ளைகளே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சயாமுக்குப் போனவர்களைக் காண்பது இனி அரிது. அவர்களுடைய மக்கள் எண்பதைத் தாண்டி இங்கொருவர் அங்கொருவராக இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? யாரோடு போனார்? திரும்பினாரா? வீட்டில் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் கீழே எழுதுங்கள். தாத்தா சொன்னார் என்பதற்காக அப்படியே சரி என்று முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தில் இல்லை என்பதற்காகப் பொய் என்று தள்ளாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரலாறு படிப்பது என்றால் அதுதான்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று விரட்டாதீர்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன, ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். இடம் போனபின் பெயராவது மிஞ்ச வேண்டாமா? எவர் மீதும் பகை வளர்க்க இதைச் சொல்லவில்லை. ஜப்பானிலும் ஏழை எளியவர்கள்தான் குண்டுக்குப் பலியானார்கள். சம்பளத்தை நம்பி ஏமாறாமலிருக்க, கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க, பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் பட்ட பாட்டையும் அறிந்துகொள்ள நமக்கு இந்தப் படிப்பு வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எழுதிவரும் பெயர்களையெல்லாம் ஒரே ஏட்டில் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். அந்தப் பத்துப் பேரும் இனி எண்ணிக்கையில் கரைந்துவிட மாட்டார்கள்.