லாக்கில் இல்லாத பிழை

அடையாள மேலாண்மை மென்பொருளில் தரவு ஒத்திசைவுச் சிக்கல்களைக் கண்டறிந்து களைவது பற்றிய இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை எனக்குத் தந்தமைக்கு நன்றி. கனெக்டர்களை எழுதியவர்களும் அவை நின்றுபோன இரவுகளில் விழித்திருந்து சரிசெய்தவர்களும் நிறைந்த அவை இது. இங்கே தலைமை ஏற்பதில் பெருமைக்கு நிகராகத் தயக்கமும் இருக்கிறது. ஒரு பணியாளரின் விவரம் மனிதவள மென்பொருளிலிருந்து டைரக்டரிக்கும், அங்கிருந்து அஞ்சலுக்கும் கிளவுட் சேவைகளுக்கும் எப்படிப் போகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் ஒத்திசைவு, குழு உறுப்பினர் பட்டியல், கிளவுட் சேவைகள் விதிக்கும் வேக வரம்பு ஆகியவற்றை அந்தந்த அமர்வுக்குரியவர்கள் பேசுவார்கள். நான் வாதிட வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒத்திசைவு பிசகியதும் முதல் வேலையாக லாக்கைத் திறக்கும் நம் பழக்கம் தவறானது.

லாக் வந்து சேர்ந்த மாற்றங்களைச் சொல்லும். வராமல் போனவற்றைச் சொல்ல அதற்கு வழியில்லை. ஆக்டிவ் டைரக்டரியையே எடுத்துக்கொள்வோம். கடைசியாகப் பார்த்த யுஎஸ்என் என்னும் மாற்ற வரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றை மட்டும் கேட்கும் கனெக்டர்கள் ஏராளம். அந்த எண் டொமைன் முழுவதற்கும் பொதுவானதன்று; ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தனக்கென எண்ணிக்கொள்வது. லோட் பேலன்சர் கனெக்டரை வேறொரு கன்ட்ரோலருக்குத் திருப்பிவிட்டால், குறித்து வைத்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மாற்றங்கள் விடுபடும், அல்லது பழையவை திரும்ப வரும். விடுபட்டவற்றுக்குப் பிழைச்செய்தி எதுவும் எழாது. நேரமுத்திரையை நம்புவோர் நிலையும் இதுதான்: வென்சேஞ்டு என்னும் புலம் கன்ட்ரோலர்களுக்கிடையே நகலெடுக்கப்படுவதில்லை. நீக்கத்தின் கதை இன்னும் மோசம். நீக்கப்பட்ட பதிவு டூம்ப்ஸ்டோனாகக் குறிப்பிட்ட காலமே இருக்கும். முன்பு 60 நாள், விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து இயல்பாக 180 நாள். டூம்ப்ஸ்டோன்கள் இருக்கும் கன்டெய்னரைப் படிக்கச் சாதாரணக் கணக்குக்கு அனுமதியும் கிடையாது. அனுமதி இல்லாத கனெக்டர் ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே லாக்கில் எழுதும். பணியிலிருந்து விலகியவரின் கணக்கு மறுமுனையில் உயிரோடு இருக்கும்.

இங்கேதான், நாம் போதிய அளவு படிக்காத ஓர் ஆவணத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கர்ட் ஸைலெங்காவும் ஜே. எச். சோயும் எழுதி 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4533, எல்டாப் உள்ளடக்க ஒத்திசைவு பற்றியது. மாறிய பதிவுகளைச் சர்வர் முழுமையாக அனுப்பும். மாறாதவற்றுக்கு, இன்னும் இருக்கின்றன என்பதற்கு அடையாளமாக அவற்றின் யுயுஐடியை மட்டும் அனுப்பும். அந்தப் பட்டியலில் வராதவற்றைக் கேட்கும் தரப்பு தானே நீக்கிவிடும். எது எப்போது நீக்கப்பட்டது என்ற வரலாற்றைச் சர்வர் சேமித்து வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இல்லாமையை இருப்பவற்றின் பட்டியலால் மட்டுமே நிறுவ முடியும் என்ற உண்மையை இவ்வளவு நேராக ஏற்றுக்கொண்ட இன்னொரு நெறிமுறையை நம் துறையில் நான் காணவில்லை. அது சோதனைநிலை ஆவணமாகவே நின்றுவிட்டது, ஆகவே அதற்கு எடையில்லை என்று மதிப்புக்குரிய சிலர் சொல்வதுண்டு. ஓபன்எல்டாப்பின் நகலெடுப்பே அதன்மேல்தான் நிற்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு கருத்தின் தகுதியை அளப்பது ஆய்வாளருக்கு அழகன்று.

ஆகவே, லாக்கைத் திறக்கும் முன் இரு பக்கத்துப் பதிவுகளையும் முழுமையாக ஒப்பிட வேண்டும் என்கிறேன். முழு ஒப்பீடு பழைய காலத்து வழி, லட்சக்கணக்கான பதிவுகளுக்குத் தாங்காது என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். எல்லாப் புலங்களையும் ஒப்பிட்டால் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நீக்கத்தைக் கண்டறியச் சாவிகளின் பட்டியல் போதும். ஒரு யுயுஐடி 16 பைட். 10 லட்சம் பதிவுகளுக்கு அது 16 மெகாபைட். எந்த நிறுவனத்தின் வலைப்பின்னலும் இதைத் தாங்கும். ஸ்கிம் நெறிமுறை வந்தபின் இந்த வழக்கே முடிந்துவிட்டது என்பது அடுத்த வாதம். 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7643, 7644 இரண்டையும் திரும்பப் படித்துப் பார்க்கும்படி அவர்களை வேண்டுகிறேன். கணக்கை உருவாக்கவும் மாற்றவும் நீக்கவும் அவற்றில் வழி உண்டு; கடந்த முறைக்குப் பின் என்னென்ன நீக்கப்பட்டன என்று கேட்க அந்த மூல ஆவணங்களில் வழி இல்லை. அனுப்பிய நீக்கக் கட்டளை ஒருமுறை தோற்று, மறுமுயற்சிகளும் தீர்ந்துபோனால், இரு பக்கமும் பிரிந்தது பிரிந்ததுதான். மூன்றாவது வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். மனிதவளத் துறையின் கோப்பு பாதியில் அறுந்து வந்த நாளில் முழு ஒப்பீடு ஓடினால், இருக்கும் பணியாளர்களின் கணக்குகளே போய்விடும். ஆபத்து உண்மையானது. அதற்கு மருந்து ஒப்பீட்டைக் கைவிடுவதன்று, எல்லை வைப்பது. மைக்ரோசாஃப்ட் என்ட்ரா கனெக்ட் (முன்பு அஸ்யூர் ஏடி கனெக்ட்) ஒரே ஓட்டத்தில் 500-க்கு மேல் நீக்கம் வந்தால் ஏற்றுமதியை நிறுத்திவிடும். இயல்பாகவே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. காணாமற்போன பதிவை உடனே அழிக்காமல் முதலில் முடக்கி வைத்து, அடுத்த ஓட்டத்திலும் காணாவிட்டால் நீக்கலாம்.

சாவி சரியில்லாவிட்டால் இந்த வாதம் முழுவதும் சரிந்துவிடாதா என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. பெயரைச் சாவியாக வைத்தவர்களுக்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. எல்டாப்பின் பெர்சன் வகைப் பதிவில் குடும்பப்பெயர்ப் புலம் கட்டாயம். குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளாத தமிழர் பதிவில் ஒரு மென்பொருள் தலைப்பெழுத்தை இடும், இன்னொன்று தந்தை பெயரை முழுதாக இடும், வேறொன்று வெறும் புள்ளி வைக்கும். தமிழ் எழுத்திலேயே சேமித்தாலும் சிக்கல் தீராது: ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு. இயல்பாக்கம் செய்யாத தரவுத்தளம் அவற்றை இரண்டு மனிதர்களாகவே எண்ணும். ஆகவே மாறாத, பொருளற்ற, ஒருமுறை வழங்கினால் மறுமுறை வேறு எவருக்கும் வழங்காத அடையாளமே சாவியாக வேண்டும். ஆப்ஜெக்ட்ஜியுஐடி கூட ஒரு ஃபாரஸ்டிலிருந்து இன்னொன்றுக்குப் பயனரை நகர்த்தும்போது மாறிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கன்சிஸ்டன்சி ஜியுஐடி புலத்தைப் பரிந்துரைக்க நேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

இங்கே கட்டுரை வாசிக்க இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. நீங்கள் ஆய்ந்த ஒவ்வொரு ஒத்திசைவுப் பிழையிலும், இரு பக்கத்துச் சாவிப் பட்டியல்களை ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டீர்களா என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒப்பிட்டிருந்தால், ஒரு பக்கம் மட்டுமே இருந்தவை எத்தனை, ஒன்றுக்கு இரண்டாகப் பொருந்தியவை எத்தனை என்ற எண்ணிக்கையைத் தாருங்கள். ஒப்பிடாமல் லாக்கை மட்டும் கொண்டு முடிவு கண்டிருந்தால், அந்த முடிவைத் தற்காலிகமானது என்று குறித்துவிடுங்கள். ஆர்எஃப்சி 4533 ஏறத்தாழ முப்பது பக்கம்தான். நாளைக் காலை அமர்வுக்கு அதைப் படித்துவிட்டு வாருங்கள்.