பெட்ரோல் டியூபைக் கழற்றும் முன்

எங்கள் வீட்டில் நிற்பது கார்ப்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800. ஒருநாள் காலை போர்டிகோவில் பெட்ரோல் வாடை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பம்புக்கு வரும் ரப்பர் டியூபில் பொடிப் பொடியாக வெடிப்பு. இதற்கு எதற்கு மெக்கானிக் என்று கிளிப்பைத் தளர்த்தி இழுத்தேன். இன்ஜின்தான் ஓடவில்லையே, பெட்ரோல் எப்படி வரும் என்ற தைரியம். வந்தது. மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடி, சட்டைக்குள் போய்விட்டது.

காரணம் இரண்டு. டேங்க் நிறைய பெட்ரோல், காரின் முகமோ சரிவைப் பார்த்து நின்றது. அண்டாவிலிருந்து டியூப் போட்டுத் தண்ணீர் இறக்குகிற அதே கதைதான். போதாததற்கு, வெயிலில் சூடேறிய டேங்கில் ஆவி முட்டிக்கொண்டு நின்றது. முதலில் டேங்க் மூடியைத் திறந்து அந்த 'புஸ்' சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

சட்டை நனைந்தது பெரிய விஷயமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவிதான் ஆபத்து. கிட்டத்தட்ட மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும் என்றால், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து படிக்கட்டின் கீழ், சாக்கடை, மூலை என்று போய்த் தங்கும். சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, ஷெட்டில் கிடக்கும் பழைய ஃபிரிட்ஜ் இவற்றில் எது வேண்டுமானாலும் அதைப் பற்றவைக்கலாம். அதனால் வண்டியைத் தள்ளியாவது திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். குண்டு பல்பு வேண்டாம், உடைந்தால் அதுவே தீக்குச்சி. எல்.இ.டி. டார்ச்சை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்றும், ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்துகொண்டே எரியும்.

இனி டியூப். எது டேங்கிலிருந்து வருகிறது, எது டேங்குக்குத் திரும்புகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, போனை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே மூடியுள்ள தகர டப்பாவை வையுங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கூடாது, பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். கிளிப்பை நகர்த்தி, டியூபை இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். அசையாவிட்டால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம், எப்படியும் மாற்றப்போகிற டியூப்தானே. இழுத்தால் உள்ளிருக்கும் பைப் வளையும், உடையவும் செய்யும். கழன்றதும் வாய்க்கு ஏற்ற சுத்தமான போல்ட் ஒன்றைச் செருகி அடையுங்கள். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் இறக்கும் வித்தை ஒன்று உண்டு, அதை மறந்துவிடுங்கள். நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலே ஆஸ்பத்திரிதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டயருக்கு 30 என்று காற்று பிடிக்கிறோமே, அந்தக் கணக்கில் அவர்கள் டியூபில் 40-ஐ ஒட்டி அழுத்தம் நிற்கும். அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். கியரை நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். மிச்சப் பெட்ரோலைக் குடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு, அதன்பின்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். அப்போதும் மூட்டைச் சுற்றித் துணியைப் பொத்தித் திறப்பது நல்லது.

புது டியூப் வாங்கக் கழற்றிய துண்டையே கடைக்கு எடுத்துப் போங்கள். நான் ஒருமுறை மட்டம் பார்க்கும் வெள்ளை டியூபை மாட்டி, அது சில மாதத்தில் விறகாக இறுகிப்போனது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் பெட்ரோல் டியூப் என்றே கேளுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அந்த அழுத்தம் தாங்குவதையும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டியதும் சாவியைத் திருப்ப அவசரம் வேண்டாம். சிந்தியதைத் துடைத்து, துணியை வெளியில் விரித்துக் காயப்போட்டு, வாடை அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்து, மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். நான் அன்று இரவு பம்புக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் அதில் பூனையின் கால்தடம் மட்டும்தான் இருந்தது.