30 மாத்திரை, 45 நாள்

சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்ல தொடங்கிச்சு. ஆனாலும் திருவெண்ணெய்நல்லூர் மாதிரி ஊர்கள்ல பலருக்கு டாக்டரைவிட அடிக்கடி பார்க்கிற முகம் மெடிக்கல்ல இருக்கிற மருந்தாளுநர்தான்.

தினம் ஒண்ணுன்னு 30 மாத்திரை வாங்கினவர் 45-ஆம் நாள் வந்தா, நடுவுல விட்டிருப்பாரோன்னு சந்தேகம் வரணும். அதட்டாம, "மாத்திரை ஒத்துக்குதாம்மா?"ன்னு கேட்டா விஷயம் வெளியே வரும். மெட்ஃபார்மின் வயித்தைப் புரட்டுதுன்னு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டோட போட்டா பெரும்பாலும் குறையும். குறையலைன்னா டாக்டர்கிட்ட அனுப்பணும். கம்பெனி மாறி அட்டையோட நிறமும் மாறினா, வேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் சேர்த்துப் போடுறவங்களும் உண்டு. கொடுக்கும்போதே சொல்லிடணும்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போறீங்களா? பழைய அட்டையில எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாருங்க. அதையும் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.