பெயரும் பேரேடும்

திருக்கோணமலை உட்துறைமுகத்தின் ஆழத்தையும் அகலத்தையும் புகழ்ந்து எழுதியோர் பலர். அத்துறைமுகத்தை அண்டி வாழும் மக்களின் வரவையும் கடனையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. கப்பலுக்கு ஆழம் வேண்டுவது போலவே கடனுக்கும் ஓர் ஆழம் வேண்டியிருக்கிறது. அந்த ஆழத்தை வங்கிகள் எவ்வாறு அளக்கின்றன, அந்த அளவுகோல் இப்பகுதி இளைஞருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கடனட்டை வேண்டி வங்கிப் படியேறும் இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயது இருபத்து நான்கு. நிலாவெளிக் கரையிலிருந்து சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றிச் செல்லும் படகில் தொழில். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். கையிலும் பணம் புழங்கும். வாடைக் காற்று எழுந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும்; படகு கரையேறும்; வருவாயும் கரையேறிவிடும். இவர் தமது விண்ணப்பத்தைத் தை மாதத்திலே கொடுக்கிறார். வங்கி கேட்பதோ கடந்த மூன்று மாதக் கணக்குக் கூற்று. அம்மூன்று மாதங்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு கடிதம் வருகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறும் தோழரைவிட இவர் குறைந்தவர் அல்லர். ஆயினும் தோழருக்கு அட்டை கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் வங்கியின் மீது முழுப் பழியையும் சுமத்துவது முறையன்று. நகையை அடகு வைத்தால் நகை வங்கியிடம் இருக்கிறது. முச்சக்கர வண்டியைத் தவணைக்கு எடுத்தால், கடன் தீரும்வரை வண்டியின் உரிமை கடன் கொடுத்த கம்பனியிடம் இருக்கிறது. வீட்டுக் கடனுக்குக் காணி ஈடாகிறது. கடனட்டைக்கோ பெரும்பாலும் ஈடு ஒன்றுமே இல்லை. வாங்குபவரின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆகையால் வங்கி இரண்டு வினாக்களைக் கேட்டே தீரவேண்டும். இவரால் திருப்பித் தர முடியுமா? முன்பு வாங்கியதை ஒழுங்காகத் தந்தாரா? முதல் வினாவுக்கு வருமானம் விடை. இரண்டாவதற்குக் கடன் வரலாறு விடை. இரண்டில் ஒன்று இருந்து மற்றது இல்லாவிடினும் ஐயம் நீங்குவதில்லை. பெருஞ்சம்பளக்காரர் பலர் பழைய தவணைகளைத் தவறவிட்ட காரணத்தால் மறுக்கப்படுவதுண்டு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பெயரை நம்பிக் கடன் கொடுப்பது புதிய வழக்கமன்று. பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் வசமான 1957 ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும், துறைமுகத் தெருக்களின் பலசரக்குக் கடைகளில் கடன் கொப்பி இல்லாத கடை அரிது. கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் தகப்பனைத் தெரியும், தொழிலைத் தெரியும், வாடை எப்பொழுது தொடங்கும் என்பதும் தெரியும். மார்கழியில் பாக்கி நின்றால் அவர் பதறமாட்டார். சோளகத்தில் வந்து சேரும் என்பது அவர் கணக்கு. ஆனால் அக்கொப்பியிலும் குறை உண்டு. விலையிலே வட்டி மறைந்திருக்கும். முகம் பிடிக்காதவனுக்குக் கொப்பி திறவாது. அடுத்த ஊருக்குச் சென்றால் அந்த நற்பெயர் கூட வராது. அதனைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை.

அக்காலத்துப் பெரிய வங்கிகளுக்கோ உள்ளூர் மக்களின் பெயர்கள் தெரியா. அவை ஐரோப்பியத் தோட்டங்களையும் வணிகக் கழகங்களையும் நாடி வந்தவை. இந்நாட்டு வணிகர் செட்டிமாரிடமே கடனுக்குச் சென்றனர். இந்த நிலையை ஆராய 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் பயனாக 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961 இல் மக்கள் வங்கி வந்தது. வங்கிகள் பெருகியபின், ஒரு வங்கியில் கடனைத் தீர்க்காதவர் மற்றொன்றில் புதுக் கடன் எடுப்பதைத் தடுக்கும் வழி வேண்டியதாயிற்று. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத் தோற்றுவித்தது. கடைத்தெருக் கொப்பி நாடு தழுவிய பேரேடாகியது என்று கூறலாம்.

இப்பேரேட்டைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பணியகம் ‘கறுப்புப் பட்டியல்’ வைத்திருக்கிறது; அதில் பெயர் ஏறிவிட்டால் வாழ்வு முடிந்தது என்று பலர் அஞ்சுகின்றனர். அத்தகைய பட்டியல் இல்லை. கடன் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, தவணை எத்தனை நாள் பிந்தியது என்பவற்றை நிறுவனங்கள் அறிவிக்கின்றன. பணியகம் அவற்றைத் தொகுத்து வைக்கிறது. கொடுப்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பது கடன் தரும் நிறுவனமே. இதனை அறியாதவர் பணியகத்தை ஏசுகிறார். அறிந்தவர் தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெற்றுப் பார்க்கிறார்.

துறைமுகப் பகுதியின் உண்மையான இடர்ப்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மாவாலையிலோ சீமெந்து ஆலையிலோ நிரந்தரத் தொழில் செய்பவருக்குச் சம்பளச் சிட்டை உண்டு. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். அந்தக் கணக்கே அவருடைய வருமானத்துக்குச் சாட்சி. கரைவலை இழுப்பவருக்கும், ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலிக்கு மூட்டை இறக்குபவருக்கும், கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் இளைஞருக்கும் சாட்சி யார்? பணம் கையிலிருந்து கைக்கு மாறுகிறது, எழுத்திலே பதிவதில்லை. தாயார் பத்து ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்து ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருப்பார். அந்த நாணயம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. வருமானம் இல்லாமையும் வருமானத்துக்கு எழுத்து இல்லாமையும் வங்கியின் மேசையிலே ஒன்றாகிவிடுகின்றன.

வரலாறு இல்லாதவர் நிலை இது. தாம் எழுதாத வரலாற்றைச் சுமப்பவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நண்பன் மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது பிணைக் கையெழுத்து வைத்தவர் பலர். நட்புக்கு வைத்த கையெழுத்து, பணியகத்தின் அறிக்கையிலே பொறுப்பாகப் பதிந்து நிற்கும். நண்பன் தவணையை நிறுத்தினால் பிணையாளியின் பெயரும் கறைபடும். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்நிதிக் கடன் பெற்ற கதையும் இத்தகையதே. ஒருத்தி தவறினால் ஏனையோர் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு. உறவுக்காரிக்காகத் தன் பெயரைக் கொடுத்து எடுத்த கடன். அதை அடைக்க மற்றொரு கடன். 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்நிதிக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. திருக்கோணமலையும் அவற்றுள் ஒன்று. துன்பம் எவ்வளவு பரந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இருபது வயதில் பிறருக்காகப் பெயரைக் கொடுத்த பெண், இருபத்தைந்தில் தனக்காகக் கேட்கும்போது பேரேடு அவளுக்கு எதிராகப் பேசுகிறது.

செல்வம் மிகுந்த நாடுகளிலும் இளையோரின் கடனட்டை பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் மாணவர்களுக்கு அட்டைகளை வாரி வழங்கிய காலம் ஒன்றிருந்தது. 2009 ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தொரு வயது நிறையாதவர் தமக்கென வருமானம் உண்டு என்று காட்டவேண்டும், அல்லது உடன் கையெழுத்திட ஒருவர் வேண்டும் என்று விதித்தது. அங்கே அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தது குறை. இங்கே எழுத்தில்லாத வருமானத்தைக் காண மறுப்பது குறை.

அட்டை கிடைப்பதே பேறு என்றும் எண்ணிவிடலாகாது. வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு இலட்சம் ரூபாய் நிலுவைக்கு மாத வட்டியே ஏறத்தாழ 2,000 ரூபாய். 5,000 ரூபாய் கட்டினால் 3,000 ரூபாய்தான் முதலிலே கழியும். வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மத்திய வங்கி 2020 இல் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்ச வரம்பு வைத்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. அதன்பின் வட்டி வீதங்கள் 30 சதவீதத்தைத் தாண்டின. சோளகத்தில் வாங்கிய பொருளுக்கு வாடையில் வட்டி கட்ட நேர்ந்தால், படகுக்காரர் நிலை என்னாகும் என்பதை அவரே முதலில் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும்.

ஆயினும் பெயருக்கு எழுத்தை உண்டாக்கும் வழிகள் இல்லாமற் போகவில்லை. கையில் வரும் பணத்தைச் செலவுக்கு முன் வங்கிக் கணக்கில் இட்டு எடுப்பது முதல் வழி. செலவாகிப்போனாலும் வந்த சுவடு நிற்கும். சிறு தொகையை நிலையான வைப்பிலிட்டு, அதன் ஈட்டின் பேரில் அட்டை பெறுவது மற்றொன்று. ஈடு இருப்பதால் வருமானச் சிட்டைக்கு வங்கி அவ்வளவு நெருக்குவதில்லை. அந்த அட்டையில் மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டிவந்தால் வரலாறு தானே எழுதப்படும். ஒரு வங்கி மறுத்ததும் ஐந்து வங்கிகளுக்கு ஓடுவது நன்றன்று. கடன் நிறுவனங்கள் தகவல் கேட்டமையும் அறிக்கையில் காணப்படும். அறிக்கையிலே பிழை இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் வழியாகவே அதைத் திருத்துவிக்கவேண்டும். பிணைக் கையெழுத்துக் கேட்டு வரும் நண்பனிடம், அந்தக் கடனைத் தானே கட்ட நேர்ந்தால் முடியுமா என்று எண்ணிப் பார்த்தபின் விடை சொல்வது தகும். மறுத்தால் நட்புக் குறையலாம்; குறைந்த நட்பு பேரேட்டில் ஏறுவதில்லை.

வங்கிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிழக்குக் கரையின் பருவங்கள் கொழும்புத் தலைமையகத்தின் படிவத்திலே இல்லை. மூன்று மாதக் கூற்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதக் கூற்றைக் கேட்டாலே நிலாவெளிப் படகுக்காரரின் உண்மையான வருமானம் புலப்படும். அதுவரை அவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை தையிலே போகாமல் புரட்டாதியிலே போகலாம். தையிலேயே போக நேர்ந்தால், ஆண்டு முழுவதற்குமான கூற்றைத் தாமே எடுத்துச் சென்று, ஆவணி மாதப் பக்கத்தை மேலாக வைத்துக் கொடுக்கலாம்.