பலாவில் கெட்டிக்காரர், கொய்யாவில் சோம்பேறி



ஜூலை பிறந்து ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் தேயிலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் இந்தக் காற்றில்தான் கொழுந்தில் ஏறுகிறது. அதே காற்று தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் நிற்கும் பலாவையும் ஆனைக்கொய்யாவையும் பிடித்து உலுக்குகிறது. நடுராத்திரியில் தகரத்தின் மேல் தடாலென்று ஏதோ விழும். பழகாத விருந்தாளி எழுந்து உட்காருவார். வீட்டுக்காரர் புரண்டு படுத்துக்கொண்டு, "பலாக்காய்தான், படுங்க" என்பார்.

அப்படி விழுந்ததை விடிந்ததும் என்ன செய்கிறோம் என்பதைத்தான் இன்று மதிப்பிடப் போகிறேன். பறிப்பதைப் பற்றிப் பேச ஆள் உண்டு, நூல் உண்டு. விழுந்ததைக் கையாள்வதை ஒரு வித்தையாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. பறிப்பவர் நாளைத் தானே குறிக்கிறார். விழுகிற பழம் யாரையும் கேட்டு விழுவதில்லை. எது சட்டிக்கு, எது மாட்டுக்கு, எது குழிக்கு என்று காலை வேலைக்கு ஆள் குறிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம்தான் இங்கே திறமை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலாவில் நம் தோட்டத்து மக்கள் கெட்டிக்காரர்கள். கொய்யாவிலும் ஆனைக்கொய்யாவிலும் அலட்சியம் மிகுந்தவர்கள்.

முதலில் பலா. ஹப்புத்தளை உயரத்துக்குப் போனால் பலா அரிது. பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் அது இல்லாத லயத்துக் கோடியைக் காண்பது கடினம். மரத்தடியில் விழுபவை எல்லாம் ஒரே சாதியல்ல. சுட்டுவிரல் பருமனில் கருத்துப்போய், பூசணம் படர்ந்து உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து, "பிஞ்செல்லாம் கொட்டுது, மரத்துக்கு நோய்" என்று பதறுவோர் உண்டு. பெரும்பாலும் அவை பிஞ்சே அல்ல, ஆண் பூங்கதிர்கள். மகரந்தம் சிந்தி முடிந்ததும் அவை விழத்தான் வேண்டும். கூட்டி எருக்குழியில் தள்ளினால் போதும். இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிற அப்பாயிமாரை நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு மருந்தடிக்க ஆள் தேடி அலைந்த படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பிஞ்சு விழுந்தால், காம்பில் பால் வடிகிறதா என்று பார்ப்பார்கள். வடிந்தால் அன்றைக்கே பொலஸ் கறி. முற்றிய காய் விழுந்தால் கதை வேறு. தரையில் மோதிய பக்கம் முதலில் கன்றி, மற்றப் பக்கத்துக்கு முன்னால் பழுத்துப் புளித்துப்போகும். கைதேர்ந்த பெண் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, அடிபட்ட பக்கத்தை முதலில் அறுத்து ஒதுக்குவாள். மிச்சத்தை அன்று பாதி, மறுநாள் பாதி என்று சட்டியில் ஏற்றுவாள். பழுத்து விழுவதில் மென்சுளைக் கூழன் சிதறிப் போகும். கெட்டிச் சுளை வரக்கா ஓரளவு தாங்கும். சிதறிய கூழனில் எறும்பும் ஈயும் முந்திக்கொண்டால் சுளையை விட்டுவிட வேண்டியதுதான். கொட்டையை மட்டும் விட்டுவிடக் கூடாது. சுளை கெட்டாலும் உள்ளே கொட்டை கெடுவதில்லை. விழுந்த பலாவைப் பற்றிய ஞானம் முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

ஒரு பழத்தில் நூறு கொட்டைக்குக் குறையாது. பெரிய பழமானால் ஐந்நூறு வரை போகும். அத்தனையையும் ஒரே வாரத்தில் தின்ன முடியுமா? முடியாது. இங்கேதான் மணல் பானை வருகிறது. கொட்டையைக் கழுவி, வழுவழுப்பு நீக்கி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பழைய பானையில் காய்ந்த மணல் ஒரு படை, கொட்டை ஒரு படை என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். மேலே மணலை மூடி அடுப்படி மூலையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மணலில் ஈரம் இருந்தால் முளை கிளம்பிவிடும். வெயிலில் சுக்காகக் காய வைத்தால் கொட்டை கல்லாகும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பக்குவம். குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு இந்தப் பானையைக் கைவிட்டவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பெட்டியில் பொலித்தீன் உறைக்குள் வியர்த்துப் பூசணம் பிடிக்கும் கொட்டையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்தக் கொட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏழைகளின் வீட்டில் அடுப்போரத்து மூலையில் அது குவிந்து கிடக்கும் என்றும், அவித்தும் தணலில் சுட்டும் தின்பார்கள் என்றும், பயணம் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போவார்கள் என்றும் அவர் சொல்கிறார். தேயிலையும் கோப்பியும் இந்த மலைக்கு வருவதற்கு வெகு காலம் முன்னைய செய்தி இது. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து லயத்தில் குடியேறியபோது, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இந்த அறிவு ஏற்கெனவே பழுத்துக் கிடந்தது. நாம் எடுத்துக்கொண்டு நம் ருசியைச் சேர்த்தோம். அவர்கள் வறுத்த தேங்காயில் கருக்கச் சமைத்தால், நாம் நெத்தலிக் கருவாட்டோடு உறைப்பாகப் பிரட்டிக் கோதுமை மா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறோம். எது மேல் என்று கேட்டால் நான் பக்கச்சார்புடையவன், விட்டுவிடுங்கள்.

பலாவை இந்த நாடு மதிக்கக் கற்றுக்கொண்டதில் ஒரு மனிதருக்குப் பங்குண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைக்குப் போனவர். வெளியே வந்தபின் பத்து லட்சம் பலா மரம் நட வேண்டும் என்று நாடு முழுக்க இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரை 'கொஸ் மாமா' (பலா மாமா) என்றே அழைத்தார்கள். பிறகு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அனுமதியின்றிப் பலா மரத்தை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த அக்கறையின் பலனைத் தோட்ட மக்கள் கண்டது பஞ்ச காலங்களில். 1973, 74ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. பின்னர் 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரிசியும் மாவும் கைக்கெட்டாத அந்த மாதங்களில் மரத்தடியைப் பார்த்துவிட்டு உலை வைத்த வீடுகள் பல. பஞ்சம் கற்றுக்கொடுத்ததால்தான் பலாவில் நம் கை இவ்வளவு தேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கொய்யாவுக்கு என்ன வந்தது? கொய்யாவை நம்பி யாரும் உயிர் பிழைக்கவில்லை. அதனால் அதற்கு மரியாதை இல்லை. நல்லது இரண்டைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைக் காலால் கானுக்குள் தள்ளிவிடுகிறோம். அடுத்த பருவத்தில், "இந்த மரத்தில் எல்லாக் காயும் புழு" என்று மரத்தைத் திட்டுகிறோம். அந்தப் புழுவை வளர்த்து விட்டது யார்?

பழ ஈ தன் முட்டையைத் தோலுக்கடியில் வைக்கிறது. ஓரிரு நாளில் பொரித்த புழு, சதையைத் தின்று ஒரு வாரம் போல் வளர்கிறது. பழம் விழுந்ததும் புழு வெளியேறி மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கிக் கூடாகிறது. பத்து நாள் போல் கழித்து ஈயாகி வந்து அதே மரத்தில் ஏறுகிறது. ஆகவே விழுந்த கொய்யாவை அன்றாடம் பொறுக்குவதுதான் மருந்து. பொறுக்கி என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எருக்குவியலின் மேல் கொட்டினால் ஈக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. அரையடி ஆழத்தில் புதைத்தாலும் ஈ மேலே வந்துவிடும். இரண்டடி ஆழம் வேண்டும். தோண்ட நாரி ஒத்துழைக்காதவர்கள் கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, ஒரு வாரத்துக்கு மேல் நல்ல வெயிலில் வைத்து, உள்ளே எல்லாம் வெந்தபின் எருவில் சேர்க்கலாம்.

ஹவாய்த் தீவுகளில் இன்னும் நயமாகச் செய்கிறார்கள். விழுந்த பழத்தையெல்லாம் ஒரு சிறு கூடாரத்துக்குள் கொட்டி மூடுகிறார்கள். மேலே நுண்வலை ஒன்று. பழ ஈ அந்தக் கண்ணுக்குள் நுழைய முடியாது. பழ ஈயின் புழுவை அழிக்கும் சிறு குளவி நுழைந்து வெளியே பறந்துவிடும். எதிரியை அடைத்து, நண்பனை விடுவிக்கும் ஏற்பாடு. இந்தக் கூடாரத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வலையின் கண் அளவுதான் சூட்சுமம், அதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது எருவுக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கும். அந்த வருடமும் எருவாக வேண்டிய கொய்யா கானில்தான் அழுகியது.

ஆனைக்கொய்யாவில் அலட்சியம் ஆபத்தாகவே முடியலாம். ஆனைக்கொய்யா மரத்தில் பழுப்பதில்லை. மரத்தை விட்டு வந்தபின்தான் பழுக்கிறது. ஆகவே முற்றிய காய் விழுந்தால் நட்டமில்லை. காம்பு கழன்ற இடத்தில் ஈரம் படாமல், அடிபட்டதை முதலில் தின்னும்படி தனியாக வைத்தால் போதும். முற்றாத காய் விழுந்தால் எத்தனை நாள் அரிசிக்குள் புதைத்தாலும் சுருங்கி ரப்பராகும். அதை அன்றே குழிக்கு அனுப்பலாம். ஆபத்து எங்கே என்றால், "மனுஷன் தின்னாததை ஆடாவது தின்னட்டும்" என்ற தாராளத்தில். ஆனைக்கொய்யாவின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் உள்ள பேர்சின் என்ற பொருள் ஆடு, மாடு, முயல், பறவைகளுக்கு நஞ்சு. கறவை மாட்டின் மடி வீங்கிப் பால் வற்றக்கூடும். பால் விற்று ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பார்க்கிற வீடுகள் நம்மிடையே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பலாத்தோல் மாட்டுக்கு நல்ல தீன். அதிலும் பழுத்த சுளையை வயிறு முட்டத் தின்னவிட்டால் இரைப்பையில் புளிப்பேறி மாடு படுத்துவிடும்.

விட்டுவிட்ட பழம் வேறு விருந்தாளிகளையும் அழைக்கும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயம். காட்டுப்பன்றி வந்தால் யாராவது கம்பித் தடம் வைப்பார்கள். தடத்துக்குப் பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படித் தடத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்று நாளில் செத்தது. வௌவால் கடித்துப் போட்டதைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்பதையும் நிறுத்த வேண்டும். 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா காய்ச்சலில் 17 பேர் இறந்தபின் அங்கத்தைய சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொன்ன புத்திமதி அது. நம் ஊரில் அந்த நோய் வந்ததில்லை. ஆனாலும் பல்லுப் பட்ட பழம் பிள்ளைக்கு எதற்கு?

இனி, கொஞ்சம் தகராறு பிடித்த சங்கதி. விழுந்தது யாருக்குச் சொந்தம்? நான் பழகிய தோட்டங்களில் எழுதாத வழக்கு ஒன்று உண்டு: மரம் தோட்டத்துக்கு, விழுந்தது முதலில் போனவருக்கு. ஏறிப் பறித்தால் கேள்வி வரும். விழுந்ததை எடுத்தால் வராது. விடியற்காலையில் இருட்டோடு எழும்பிப் போகிற கிழவிகளின் சுறுசுறுப்புக்கு இந்த வழக்கும் ஒரு காரணம். ரோமானியச் சட்டம் வேறு விதம். உன் மரத்துக் கனி அடுத்தவன் நிலத்தில் விழுந்தால், இரண்டு நாளுக்கொரு முறை போய்ப் பொறுக்கிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு என்றது. ஜெர்மானியச் சிவில் சட்டமோ விழுந்த இடத்துக்காரனுக்கே கனி சொந்தம் என்கிறது. ரோமானியர் மனதில் இருந்தது ஓக் மரத்துக் கொட்டை. கூழன் பலாவாக இருந்திருந்தால் அவ்வளவு நாள் விட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வி இனி நம் வாசலுக்கு வரும். லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போகிறவர்கள் கூடிவருகிறார்கள். ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீட்டர். அதில் வீடு போக மிஞ்சும் இடத்தில் பலா ஒன்றை நட்டால், பத்து வருடத்தில் கிளை பாதி அடுத்த வீட்டுத் தகரத்துக்கு மேல் நிற்கும். காயும் அங்கேதான் விழும். தகரம் நெளிந்ததற்கு ஒருவர் கேட்பார், காய்க்கு மற்றவர் கேட்பார். நட நினைப்பவர்கள் வேலியோரத்தில் நடாமல், இரண்டு மூன்று வீட்டார் பேசி, பொது வழிக்குப் பக்கமோ கோயில் காணியிலோ ஒரு மரம் வைத்துக்கொள்ளலாம். காயைப் பங்கிடுவது அப்போது சுலபம். மணல் பானையை யார் வீட்டில் வைப்பது என்பதை மட்டும் நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.