இருக்கு... இருக்கு... இல்ல!



"கால்பந்து ரசிகனை ஆட்டத்தோடு கட்டிப்போடுவது ஆடுகளமா? அட்டையும் கற்பனை அணியுமா?" இதுதான் தலைப்பு. இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டாங்க, "முப்பது வருஷமா சிலப்பதிகாரம் நடத்துற மனுஷனுக்கு எதுக்குங்க பந்து?" நான் விடுவேனா? "சிலம்புலயே பந்து இருக்கு தெரியுமா? கந்துக வரி!" என்றேன். "அது பொண்ணுங்க கையால ஆடுற பந்து. உங்க மாதிரி யாரும் காலால உதைக்கலை" என்றார்கள். கல்யாணம் பண்ணினதும் தமிழ் எம்.ஏ.வாப் பார்த்துப் பண்ணினேன் பாருங்க, அது என் தப்பு. (சிரிப்பு)

எதிரணித் தலைவி அம்மா அருமையாகப் பேசினார்கள். மழையில் நனைந்துகொண்டு தொண்ணூறு நிமிஷம் பாட்டுப் பாடுகிறவன்தான் ரசிகன், அட்டை சேர்க்கிறவன் பிள்ளை விளையாட்டு விளையாடுகிறான் என்றார்கள். அம்மா, மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் சுமார் 74,000 பேர் உட்காரலாம். அந்த அணிக்கு ரசிகர்கள் உலகம் பூராவும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மிச்சப் பேர் எங்கே போய் நனைவது?

சரி, அட்டைக்கு வருவோம். இத்தாலியில் மோடெனா என்று ஒரு ஊர். அங்கே பானினி என்று ஒரு குடும்பம். பேப்பர் கடை வைத்திருந்தார்கள். நம்ம பஸ் ஸ்டாண்டில் இருக்குமே, அந்த மாதிரிக் கடை. 1961இல் அந்த வீட்டு அண்ணன் தம்பிகள் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சடித்து, உறையில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று பிரித்துப் பார்க்கும்வரை தெரியாது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் வாங்குகிறவன் சும்மா இருப்பானா? அதனால் படங்களைக் கலக்க வேண்டும். எதில் கலக்கினார்கள் தெரியுமா? வெண்ணெய் கடைகிற பீப்பாயில் போட்டுச் சுற்றினார்கள்! அப்புறம் வெனிசுவேலாவுக்குப் பிழைக்கப் போயிருந்த உம்பர்ட்டோ என்ற சகோதரர் திரும்பி வந்து, அதற்கென்று ஓர் இயந்திரமே செய்து கொடுத்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ஆல்பம் போட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த பித்து இன்னும் தெளியவில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று கையில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சொல்வார்களாம்: "சேலோ... சேலோ... மன்கா!" அப்படி என்றால், "இருக்கு... இருக்கு... இல்ல!" அந்த "இல்ல" வந்த உடனே கண் விரியும் பாருங்க! அட்டலாண்டா அணிக்கு பிட்ஸாபல்லா என்று ஒரு கோல்கீப்பர். 1963-64 ஆல்பத்துக்குப் படம் எடுக்க வந்த அன்றைக்கு ஆள் இல்லை. அவர் படம் தாமதமாக வந்தது, குறைவாக வந்தது. இத்தாலி பூராவும் பையன்கள் அந்த ஒரு முகத்துக்காக அலைந்தார்கள். ஆடி வாங்கிய பேரைவிட, போட்டோவுக்கு வராமல் அந்த மனுஷன் வாங்கிய பேர் அதிகம். (சிரிப்பு)

இங்கேதான் எதிரணித் தம்பி ஒரு கணக்குக் கேட்டார். "ஐயா, இது காசு பிடுங்குகிற வேலை இல்லையா?" என்று. தம்பி, நீங்கள் கேட்ட கணக்கைக் கார்டிஃப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பால் ஹார்ப்பர் 2018இலேயே போட்டுவிட்டார். அந்த வருஷ உலகக் கோப்பை ஆல்பத்தில் 682 படம். உறைக்கு ஐந்து படம், விலை 80 பென்ஸ். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனி ஒருவனாக நிரப்ப வேண்டும் என்றால் சராசரியாக 967 உறை வாங்க வேண்டும். 773 பவுண்டு! பவுன் இல்லைங்க தாய்மார்களே, பவுண்டு. யாரும் பதறாதீங்க. (சிரிப்பு)

அதிலும் கடைசி ஒரே ஒரு படம் பாக்கி என்று வையுங்கள். அது 682இல் ஒன்று. அந்த ஒன்றுக்காகச் சராசரியாக 130 உறைக்கு மேல் பிரிக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் அதே படம் ரெண்டு இருக்கும். நீங்கள் கதவைத் தட்டினால் போதும். விடுபட்ட படத்தைக் கம்பெனிக்கே எழுதி விலைக்கு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். கல்யாணச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கி வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம், அந்த மாதிரி. நடுவர் ஐயா, நான் சொல்ல வந்தது இதுதான்: ஆட்டத்தைத் தனியாகப் பார்த்துவிடலாம். ஆல்பத்தைத் தனியாக நிரப்ப முடியாது. இன்னொரு மனுஷன் வேண்டும்.

இதில் ஒரு கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஸ்வீடனில் 1958இல் அச்சான பீலேயின் அட்டை ஒன்று 2022இல் 13 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கினவர்கள் இப்படிப்பட்டதை என்ன செய்வார்கள்? பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து லாக்கரில் பூட்டுவார்கள். பீலேயைப் போய்ச் சிறையில் வைப்பதா? அது சேகரிப்பு இல்லை, வட்டிக் கடை.

கற்பனை அணிக்கு வருகிறேன். மணி அடிக்கக் கையை எடுக்காதீங்க ஐயா, இனிமேல்தான் என் சொந்தக் கதை.

இத்தாலியில் ரிக்கார்டோ அல்பினி என்ற பத்திரிகையாளர் 1990இல் இதற்கு விதி எழுதிப் புத்தகமாகப் போட்டார். 1991இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வைன்ஸ்டைன் என்பவர் தொடங்கினார். இப்போது இங்கிலாந்து பிரீமியர் லீக்கே நடத்துவது 2002இல் வந்தது. காசு கட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் கட்டி ஆடுகிற இணைய விளையாட்டை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால். நான் பேசுவது அந்த ஆட்டம் அல்ல.

இந்த ஆட்டம் எப்படி? உங்கள் கையில் பத்துக் கோடி பவுண்டு. கற்பனையாகத்தான்! அதற்குள் பதினைந்து பேர் வாங்க வேண்டும். ஒரே கிளப்பில் மூன்று பேருக்கு மேல் கூடாது. நம்ம வீட்டு அம்மாக்கள் முதல் தேதி போடுகிற பட்ஜெட் மாதிரிதான். முன்னணியில் ஒரு விலை உயர்ந்த ஆளைப் போட்டால், பின்னால் மலிவான ஆளைத் தேட வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவன் கோல் போட்டால் உங்களுக்குப் புள்ளி. மஞ்சள் அட்டை வாங்கினால் ஒன்று கழியும். ஒருவரைக் கேப்டன் ஆக்கலாம், அவர் எடுக்கும் புள்ளி இரட்டிப்பு. வாரத்தின் முதல் ஆட்டத்துக்குத் தொண்ணூறு நிமிஷம் முன்னால் கதவு சாத்திவிடுவார்கள். அப்புறம் கதறினாலும் திறக்காது.

இதனால் என்ன லாபம்? ஷெஃபீல்டு யுனைட்டெட் அணியின் லண்ட்ஸ்ட்ரம்மை 2019க்கு முன்னால் வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? கற்பனை ஆட்டத்தில் அவருக்கு விலை 40 லட்சம், அடிமாட்டு விலை. தற்காப்பு ஆட்டக்காரர் என்று எழுதிவிட்டார்கள். மனுஷன் ஆடியதோ நடுக்களத்தில். பர்ன்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ரெண்டு கோல்! உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் அந்த மனுஷனுக்காகச் சாமி கும்பிட்டார்கள். மைதானம் நட்சத்திரத்தைக் காட்டும் அம்மா. லண்ட்ஸ்ட்ரம்மைக் காட்டியது இந்தக் கணக்கு. அன்றைய சதுரங்க உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனே 2019 டிசம்பரில் எழுபது லட்சம் பேருக்கு மேல் ஆடிய இந்த ஆட்டத்தில் முதலிடத்துக்கு வந்தார். அதைப் பிள்ளை விளையாட்டு என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

குற்றம் இல்லையா? இருக்கிறது. சொந்த அணிக்கு எதிராளி கோல் போடும்போது, "ஐயோ" என்று வாய் சொல்லும், "அப்பாடா, நம்ம ஆளு" என்று மனசு சொல்லும். காலில் அடிபட்டு விழுந்தவனைப் பார்த்து, "என் புள்ளி போச்சே" என்று திட்டுகிற ஜென்மங்களும் இருக்கின்றன. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை. என் மகனுக்குப் பன்னிரண்டு வயசு. நம்ம ஊர்க் கடையில் பானினி உறையா தொங்கியது? அவனும் எதிர் வீட்டுப் பையனும் ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையிலும் நாளிதழ்களிலும் வந்த படங்களை வெட்டி, கோந்து தடவி, நீள நோட்டில் ஒட்டினார்கள். அணிக்கு ஒரு பக்கம். பேர், வயசு, எந்தக் கிளப், எல்லாம் அவன் கையெழுத்தில். நாலு வருஷம் ஒட்டினான். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது. அரையாண்டில் கணக்கில் மார்க் குறைந்தது. நான் டாக்டர் பட்டம் வாங்கிய ஆசிரியன் இல்லையா? அறிவு வேலை செய்தது. அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

அவன் வந்து தேடினான். சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. "சரிப்பா" என்றான். நடுவர் ஐயா, பிள்ளை சண்டை போட்டால் பயமில்லை. "சரிப்பா" என்று சொன்னால்தான் பயம்.

அப்புறம் படித்தான், நல்ல மார்க், நல்ல வேலை, மான்செஸ்டர் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேன்பா." "குளிரா?" "குளிர்தான்பா." "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்." இவ்வளவுதான். மேடையில் மூணு மணி நேரம் பேசுகிறவன், மகனிடம் மூணு வாக்கியம். இங்கே எத்தனை அப்பாமார் இதே மூணு வாக்கியம் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். (கைதட்டல்)

கொரோனா வந்தது. ரெண்டு வருஷம் அவன் ஊருக்கு வர முடியவில்லை. 2021 ஆகஸ்டில் ஒருநாள் என்ன தோன்றியதோ, "அப்பா, எங்க லீக்ல ஓர் ஆள் குறையுது, சேர்றீங்களா?" என்று கேட்டான். எனக்கு ஆட்டமும் தெரியாது, ஆளும் தெரியாது. சேர்ந்தேன். டாட்டன்ஹாம் அணியில் தென்கொரியாக்காரர் ஒருவர், பேர் சன். இங்கிலீஷில் மகன்! அவரைக் கேப்டன் ஆக்கினேன். "ஏன்பா சன்?" என்று கேட்டான். "மகனை விட்டுட்டு வேற யாரைடா தலைவனாக்குவேன்?" என்றேன். போனில் அந்தப் பக்கம் சிரித்தான். எத்தனை வருஷம் ஆச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு!

அதிலிருந்து வாராவாரம், கதவு சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போன். "அப்பா, அந்த ஆளுக்கு அடிபட்டிருக்கு, மாத்துங்க." "அப்பா, ஆர்சனல் ஆளு ஒருத்தரை எடுங்க." அவங்க அம்மா, "இப்பல்லாம் என்கிட்ட போனே வர்றதில்லை" என்று சண்டைக்கு வந்தாங்க.

2022 மே 22, கடைசி நாள். டாட்டன்ஹாம், நார்விச் ஊரில் ஆடுகிறது. என் மகன் அதே அணியின் கேனைக் கேப்டன் ஆக்கினான். நான் சன்னை. கேன் ஒரு கோல். சன் ரெண்டு கோல், எழுபதாவது நிமிஷத்தில் ஒன்று, எழுபத்தைந்தாவது நிமிஷத்தில் ஒன்று! அந்தப் பருவத்தில் 23 கோல் போட்டு, லிவர்பூல் சாலாவோடு சேர்ந்து தங்கக் காலணியையும் வாங்கினார். கேப்டனின் கோலில் மட்டும் எனக்கு இருபது புள்ளி, அவனுக்கு எட்டு. பருவம் முழுக்கப் பார்த்தால் எட்டுப் பேரில் நான் ஏழாவதுதான், மறைப்பானேன்? அந்த வாரம் முதல் ஆள் நான்.

ராத்திரி பதினோரு மணிக்கு அவனே கூப்பிட்டான். கதவெல்லாம் சாத்தியாச்சு, இனிமேல் மாற்ற ஆள் இல்லை, சும்மா கூப்பிட்டான். ஆட்டத்தைப் பேசிப் பேசி, பேச ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனது. அப்போது சொன்னேன், "அந்த நோட்டை நான் போட்டிருக்கக் கூடாதுடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான், "அதுல ரொனால்டினோ படம் ரெண்டு இருந்துச்சுப்பா. ஒண்ணை எதிர் வீட்டுல குடுத்துட்டுத்தான் காக்காவை வாங்கினேன்."

மறுநாள் காலையில் காபி குடிக்காமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பையன் கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான். அவங்க அம்மா பரணில் ஏறி டிரங்குப் பெட்டியை இறக்கினார்கள். நோட்டு இருந்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பிரேசில் வந்தது...

மணி அடித்துவிட்டீர்களா? உட்கார்ந்து விடுகிறேன் ஐயா. ரொனால்டினோ இப்போது மான்செஸ்டரில் இருக்கிறார். அந்தப் பையனிடம் கேட்டுத்தான் எடுத்தேன். பதிலுக்கு அவனுக்கு இன்னும் ஒரு படம் நான் பாக்கி.