கருவி யாருக்குச் சொந்தம்?
(சிவகாசியில் அச்சகத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கும் சிறு அச்சகங்களின் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அந்தச் சங்கதி நமக்கெதற்கு?" என்று மில் தோழர்களும் வயல் தோழர்களும் கேட்கலாம். இது கருவி யாருக்குச் சொந்தம் என்ற விஷயம்.

மண்வெட்டியின் பிடி ஒடிந்தால் நாமே மாற்றுகிறோம். அண்டை வீட்டார் கேட்டால் இரவல் தருகிறோம். கம்ப்யூட்டரில் அப்படியா? யந்திரம் அச்சகத்துக்குச் சொந்தம். அதை இயக்கும் விண்டோஸோ மைக்ரோசாப்ட் கம்பெனியின் உடைமை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை அக்கம்பெனி நிறுத்தியது. பழைய யந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடும் யந்திரத்தைக் காயலான் கடைக்குப் போடுவதா?

வேண்டியதில்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் வெளியிட்ட லினக்ஸும் இருக்கின்றன. இவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 2007 வாக்கில் நமது எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லினக்ஸுக்கு மாறியது. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பாடம் படிக்கிறார்கள்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அங்கே அந்த வித்தையைப் பூட்டி வைத்திருந்தால் இன்றைய சிவகாசி ஏது?

கஷ்டங்களை மறைக்க மாட்டேன். வாடிக்கையாளர் தரும் கோரல்டிரா கோப்பு சில வேளை உருக்குலைந்து திறக்கும். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் தொல்லை தரும். ஆகவே ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கடிதமும் கூலிப்பட்டியலும் முதலில் லிப்ரே ஆபீஸுக்குப் போகட்டும். பிறகு படம் திருத்த கிம்ப், லேபிள் வரைய இங்க்ஸ்கேப், நான்கு வண்ண அச்சுக்குப் பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். கை பழகும்வரை பழைய யந்திரம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் மிச்சமாகும் பணம் முதலாளியின் கல்லாவோடு நின்றுவிடக் கூடாது. புதியதைப் பழகும் நேரம் வேலை நேரமே. அதற்குக் கூலி உண்டு என்று கேளுங்கள். வேலை கற்ற ஆபரேட்டருக்கு ஊதிய உயர்வு கேளுங்கள்.

முதலில் நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரை மாற்றிக் காட்டுவோம், தோழர்களே! பார்த்தவர்கள் பின்னால் வருவார்கள்.